மரபு வாரத்துக்கு வந்த பாசிமணி

மாறுவேடப் போட்டியில் பிள்ளைகள் வேஷம் போடுகிறார்களே தவிர, ஆளைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை என்று எழுதியவருக்கு: எங்கள் பள்ளியிலும் அதே கதைதான். நான் புதுச்சேரியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. நவம்பரில் உலக மரபு வாரம் வந்தால் பத்துப் பதினைந்து பாரதிகள் மை மீசையோடு வந்து நிற்பார்கள். மதிய வெயிலில் மீசை கன்னத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அவர் 1908-லிருந்து பத்து வருடம் இதே ஊரில் குடியிருந்தவர் என்றால், "அப்படியா மிஸ்?" என்பார்கள்.

போன வருடம் வேஷம் வேண்டாம், வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டு வாருங்கள் என்றேன். உழக்கு, அஞ்சறைப் பெட்டி, பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த சொல்தா தாத்தா ஒருவர் சைகோனில் எடுத்துக்கொண்ட போட்டோ என்று மேசை நிறைந்தது. காக்காயந்தோப்புப் பெண் ஒருத்தி மட்டும் பிஸ்கட் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். உள்ளே நூலில் கோத்த கண்ணாடிப் பாசிகள். கடுகுக்கும் மிளகுக்கும் நடுவில் ஒரு அளவு, கருநீலமும் செங்கல் நிறமும்.

"ஆயா ஆடு மேய்க்கும்போது மழை விட்டதும் பொறுக்கினது மிஸ்."

அவள் வீட்டுப் பக்கம்தான் அரிக்கமேடு, அந்தக் காலத்தில் ரோமோடு வியாபாரம் நடந்த துறைமுகம்.

"ரோம் பாசியா மிஸ்?" என்றான் ஒருவன். இல்லை. கடல் கடந்து வந்தவை மது ஜாடிகளும் இத்தாலியச் சிவப்புத் தட்டுகளும். பாசி இங்கேயே செய்தது. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனையை மழுக்குவார்கள். அப்புறம் கப்பலேறும். பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். தொல்லியல் அறிஞர் வீலர் 1945-ல் அரிக்கமேட்டில் தோண்டியதைச் சொன்னேன். அவருக்கும் முன்னால், இதே ஊரில் வாத்தியாராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ-துப்ரேய் அங்கத்துப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து மணிகள் வாங்கியதையும் சொன்னேன்.

"அந்தப் பசங்க பேரு என்ன மிஸ்?" என்றாள் அவள்.

நான் படித்த எதிலும் இல்லை. அதைத்தான் சொன்னேன், வேறென்ன சொல்ல.

இப்போது அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, எதையும் எடுக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை முகம் சுண்டிப்போனது. மறுநாள் ஆயாவே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "வூட்ல இன்னும் ரெண்டு சரம் இருக்குது டீச்சர், யாருகிட்ட குடுக்கணும்?" என்றார். அன்றைக்கு மூன்றாவது பீரியட் முழுக்க அவர்தான் பேசினார்.

*

டீச்சர், நீங்கள் எழுதிய பாசிமணி ஆயாவைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் கடலூர். மகன் வகுப்பில் செயின்ட் டேவிட் கோட்டையைத் தெர்மாகோலில் செய்துவரச் சொன்னார்கள். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்த கோட்டை, எதைப் பார்த்துச் செய்வது? சரி, கதையாவது சொல்வோம் என்று ஆரம்பித்தேன். 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தே விலை.

மகனோடு வந்திருந்த கூட்டாளி எழுந்தே விட்டான். "அங்கிள், எங்க ஊரு பேரே குண்டு உப்பலவாடி!"

அப்புறம் தெர்மாகோலை யார் தொட்டார்கள்? ஊர் மேப்பை விரித்து, கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்திலிருந்து கவராயத்தால் வட்டம் போட்டார்கள். குண்டு சாலையும் அகப்பட்டது. அந்த மேப்பையே வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். பத்துக்கு ஆறு மார்க், "கோட்டை எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதி.