கிணற்று உப்பு சாயத்தண்ணியா, சாக்கடையா, பாறையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நொய்யல்கரை:
திருப்பூருக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டி எங்களுக்கு நாலு ஏக்கர். கிணற்றுத் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பு) லிட்டருக்கு 3100 மில்லிகிராம் காட்டுகிறது, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, அப்புறமும் ஏன் இப்படி என்று கேட்டால் ஒருத்தர் சாக்கடை என்கிறார், இன்னொருத்தர் பாறையிலிருந்து கரைந்து வரும் உப்பு என்கிறார், கடைசியில் நீ போடுகிற உரம்தான் என்று என் தலையிலேயே கட்டுகிறார்கள். தண்ணீரை வைத்தே சொல்ல முடியுமா?

உப்புத்தடம்:
முடியுங்க, ஆனால் டிடிஎஸ் போதாது. அது மொத்த உப்பு, மழை பெய்தால் இறங்கும், வெயிலில் ஏறும். எந்த உப்பு எதோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் தடம், மழை கலந்தாலும் அந்த விகிதம் பெரிதாக மாறாது. குளோரைடு மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர் தின்னாது, அப்படியே வந்து சேரும். சாயம் ஏற்றச் சோற்றுப்பும் சோடியம் சல்பேட்டும் கொட்டுவார்கள். அதனால் குளோரைடும் சல்பேட்டும் எகிறி, சாக்கடையிலும் உரத்திலும் வருகிற நைட்ரேட் குறைவாக இருந்தால் சாயத்தண்ணி மேல்தான் என் சந்தேகம். பருப்பு வேகாததற்கும் இதில் காரணம் இருக்கலாம்: உப்புத்தண்ணி இறங்கும்போது களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே தள்ளும், தண்ணீர் கடினமாகிவிடும். பட்டறை நின்றாலும் பாறை இடுக்கில் தங்கிய பழைய உப்பு சீக்கிரம் கழுவிப் போகாது.

கிணத்துமேடு:
மேலே சொன்னது சரி, ஆனால் சல்பேட் சில உரங்களிலிருந்தும் ஜிப்சத்திலிருந்தும் வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம். சாக்கடையைப் பிடிக்கச் சுக்ரலோஸ் இருக்கிறது, சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு. உடம்பில் பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறும், சுத்திகரிப்பு நிலையத்திலும் அதிகம் அழியாது. கிணற்றில் அது இருந்தால் மனிதக் கழிவு கலந்திருக்கிறது, பாறையிலும் உரத்திலும் அது கிடையாது. நைட்ரேட் உரத்திலிருந்தா கழிவிலிருந்தா என்பதற்கு நைட்ரஜன்-15 ஐசோடோப், அதாவது நைட்ரஜனில் சற்றுக் கனமான வகை, எவ்வளவு என்று பார்ப்பார்கள். யூரியாவில் அது காற்றில் உள்ள அளவை ஒட்டியே இருக்கும், கழிவிலும் எருவிலும் கூடுதல். இரண்டும் சாதாரண ஆய்வகத்தில் நடக்காது, பல்கலைக்கழகத் துறை எதையாவது அணுகுங்கள்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. மாதிரி எங்கே எடுப்பது?

உப்புத்தடம்:
உங்கள் கிணறு, ஆறு, ஆற்றை விட்டுத் தள்ளி மேட்டில் ஒரு கிணறு, திருப்பூருக்கு மேற்கே ஒன்று, நாலும் ஒரே நாளில். ஒப்பிட ஆள் இல்லாத எண்ணால் பயனில்லை. சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு தடவை எடுங்கள்.

நொய்யல்கரை:
மேற்கே மாமா வீட்டுக் கிணறு இருக்கிறது, அங்கிருந்து எடுத்துவிடுகிறேன். சித்திரைக் கணக்கு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.