குறையுள்ள நாயகி மீது எழுத்தாளருக்கு இருக்கும் பிரியம்

கேள்வி: திருவல்லிக்கேணி எழுத்தாளர்

வணக்கம். நான் எழுதிவரும் நாவலின் நாயகி வசதியான வீட்டுப் பெண், கெட்டிக்காரி, தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அடுத்தவர் கல்யாண விஷயங்களில் தலையிடுகிறவள். கொலுவுக்கு வந்த ஏழை அத்தை பாடத் தொடங்கியதும், "பல்லவியோடு நிறுத்திக்கொள்ளுங்களேன் அத்தை, சுண்டல் ஆறுகிறது" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறாள். கைப்பிரதியைப் படித்த தோழிகள், அந்த வசனம் இருந்தால் அவளை ஒருவருக்கும் பிடிக்காது, எடுத்துவிடு என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவள்மீதுள்ள பிரியம் என் கண்ணை மறைக்கிறதா?

பதில்: கோட்டூர்புரம் வாசகி

எடுத்துவிடாதீர்கள், அம்மா. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 'எம்மா'வை எழுதத் தொடங்கும்போது, தன்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு நாயகியை எடுத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார் என்று அவருடைய அண்ணன் மகன் தம் நினைவுநூலில் பதிந்திருக்கிறார். 1815 டிசம்பரில் நாவல் வெளிவந்த பிறகு, உறவினரும் நண்பர்களும் சொன்ன அபிப்பிராயங்களை ஆஸ்டின் தம் கைப்படவே தொகுத்து வைத்தார். அவர் மிகவும் நேசித்த அண்ணன் மகள் ஃபேனிக்கு எம்மாவைச் சகிக்கவே முடியவில்லை என்பதும் அதில் இருக்கிறது. பிறர் வெறுப்பார்கள் என்று தெரிந்தே வைத்த பிரியம் அது.

உங்கள் அத்தையைப் போல அங்கே மிஸ் பேட்ஸ் இருக்கிறாள். பாக்ஸ் குன்றில் உல்லாசமாகக் கூடியிருக்கும்போது, ஒவ்வொருவரும் சாமர்த்தியமாக ஒன்றோ, சுமாராக இரண்டோ, அசட்டுத்தனமாக மூன்றோ சொல்லலாம் என்றொரு விளையாட்டு. மூன்றாவதுதான் எனக்குச் சுலபம் என்று அந்த ஏழை முதிர்கன்னி வெள்ளந்தியாகச் சொல்ல, ஒரே நேரத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்கிறாள் எம்மா. மிஸ் பேட்ஸுக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்ததும் கோபம் வரவில்லை, முகம்தான் லேசாகச் சிவக்கிறது. தான் மிகவும் தொந்தரவாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய சிநேகிதியிடம் இப்படிச் சொல்லியிருக்கமாட்டாள் என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறாள். இதைவிடக் கூர்மையாக எம்மாவை யாராலும் தண்டிக்க முடியாது. ஆஸ்டின் அந்த வரிகளில் எதையும் மழுப்பவில்லை.

பதில்: அடையாறு வாசகர்

மேலே சகோதரி சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் வசனத்தை வைத்துக்கொள்வது மட்டும் போதாது. குடும்ப நண்பர் நைட்லி கண்டித்தபின் வீடு திரும்பும் வழியெல்லாம் எம்மா அழுகிறாள், மறுநாள் காலையிலேயே பேட்ஸ் வீட்டுப் படியேறுகிறாள். அதற்கும் மேலாக, பெரும்பாலும் எம்மாவின் கண் வழியாகவே கதை நகர்வதால், ஊர்ப் பாதிரியார் எல்டன் அவளுடைய தோழி ஹாரியட்டைத்தான் விரும்புகிறார் என்று அவளோடு சேர்ந்து நாமும் நம்பிவிடுகிறோம். கிறிஸ்துமஸ் விருந்திலிருந்து திரும்பும் வண்டியில் அவர் எம்மாவிடமே காதலைச் சொல்லும்போது அவளைக் குற்றம் சாட்டும் தகுதியை நாமும் இழக்கிறோம். உங்கள் நாயகியின் மனத்துக்குள்ளிருந்து வாசகர் அத்தையின் பாட்டைக் கேட்கிறாரா, அல்லது கூடத்தின் மூலையிலிருந்து பார்க்கிறாரா?

திருவல்லிக்கேணி எழுத்தாளர்

மூலையிலிருந்துதான், ஐயா. இருவருக்கும் மிக்க நன்றி. வசனம் அப்படியே இருக்கும். அந்த அத்தியாயத்தை அவள் மனத்தின் வழியாகத் திரும்ப எழுதப்போகிறேன், அத்தை அனுபல்லவியைத் தொடங்காமல் சுருதிப்பெட்டியை மூடுவதையும் அவளே முதலில் கவனிக்கும்படி.