கலைச்சொல்: இன்பியல் முடிவில் சேராமல் நிற்கும் பாத்திரம்

(கிளிநொச்சியிலிருந்து)

வணக்கம். இன்பியல் நாடகத்தின் மகிழ்ச்சியான முடிவில் மற்றவர்களோடு சேராமல் நிற்கும் பாத்திரத்துக்கு 'வெளியாள்' என்று வந்த முன்மொழிவு பொருந்தாது. காத்தவராயனும் வெளியாள்தான், ஆனால் எங்கட வன்னிக் கூத்தில் அவனே நாயகன், கழுமரமேறியும் ஆரியப்பூமாலையைக் கைப்பிடிக்கிறான். கடைசிக் காட்சியில் ஒருவர் நிற்கும் நிலையைச் சொல் காட்டவேண்டும்.

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தைப் பாருங்கள். ஏமாற்றிக் கேலிசெய்யப்பட்ட வீட்டுக் காரியக்காரன் மல்வோலியோ எல்லாரையும் பழிவாங்குவேன் என்று சொல்லிப் போகிறான். ஆண்வேடமிட்ட நாயகி வயோலாவின் பெண்ணுடையோ ஒரு கப்பற்தலைவனிடம் இருக்கிறது. அந்தக் கப்பற்தலைவன் மறியலில் கிடப்பது மல்வோலியோ தொடுத்த வழக்கால். அதனால்தான் அவளை மணக்கவிருக்கும் பிரபு ஒர்சினோ உடனே ஆளனுப்பிச் சமாதானம் பேசச் சொல்கிறான். வயோலா ஆணுடையிலேயே மேடையை விட்டுப் போகிறாள். பாடசாலை மேடைக்குச் சுருக்கும்போது கப்பற்தலைவன் பற்றிய வரிகளை வெட்டினால் இந்த முடிச்சே போய்விடும். மல்வோலியோ வெறும் கோமாளியாகிவிடுவான்.

'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஷைலொக் நான்காம் அங்கத்தோடு போய்விடுகிறான். ஐந்தாம் அங்கத்தில் அவனுடைய சொத்தை மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிய பத்திரம் மட்டும் வருகிறது. அங்கே மூன்று சோடிகளுக்கு நடுவே வணிகன் அந்தோனியோவும் தனியன்.

என் முன்மொழிவு: எச்சப்பாத்திரம். பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்குஞ்சொல்லை வேண்டி நிற்பதுபோல இவர்களும் நிற்கிறார்கள்.

(முல்லைத்தீவிலிருந்து)

> எச்சப்பாத்திரம்

சேர், 'எச்சம்' மிகப் பொருத்தம். ஆனால் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைகளின் காதில் 'எச்சில் பாத்திரம்' என்றுதான் விழும். 'எச்சமாந்தர்' என்று வைப்போம். ஒருமைக்கும் அதுவே போதும்: 'மல்வோலியோ ஓர் எச்சமாந்தர்.'

உட்பிரிவும் வேண்டும். ஷைலொக் விலக்கப்படுபவர். ஷேக்ஸ்பியரின் 'As You Like It' நாடகத்தில் நான்கு சோடிகள் ஆடும்போது ஆட மறுத்துப் போகும் ஜேக்விஸும், பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியர் 1666இல் மேடையேற்றிய 'Le Misanthrope' நாடகத்தின் நாயகன் அல்செஸ்டும் தாமே விலகுபவர்கள். பன்னிரண்டாம் இரவிலும் ஓர் அந்தோனியோ உண்டு. வயோலாவின் இரட்டைச் சகோதரன் செபஸ்தியானுக்காக உயிரைப் பணயம் வைத்தவர். இரட்டையரைக் கண்டு வியந்தபின் அவருக்கு ஒரு வரியும் இல்லை. அவர் பேச்சற்று நிற்பவர். நெறியாளர்கள் கூடுதலாகக் கோட்டைவிடுவது இந்த மூன்றாம் வகையைத்தான். வசனம் இல்லாததால் ஒத்திகையில் அவருக்கு இடம் குறிக்கமாட்டார்கள்; நடிகர் கூட்டத்தோடு சிரித்துக்கொண்டு நிற்பார்.

கூத்துப் பாணியில் போடுவோர் மங்களத்துக்கு எல்லாரையும் மேடையேற்றுவார்கள். பன்னிரண்டாம் இரவில் அது கூடாது. மூலத்தில் எல்லாரும் போனபின் விகடன் தனியே நின்று பாடுகிறான். மல்வோலியோ போய் ஒர்சினோ ஆளனுப்பும்வரை மத்தளமும் சல்லாரியும் ஓய்ந்திருக்கட்டும்.

'எச்சமாந்தர்' என்பதற்கு மறுப்பிருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.