ராஜகால்வாயா, ஏரியா, மோட்டாரா? மார்க் போட்டுப் பார்த்தேன்

எச்எஸ்ஆர்_கணக்கன்:
போன வாரம் எங்கள் பெங்களூரு குடியிருப்போர் கூட்டத்தில், வெள்ளத்தை எப்படித் தடுப்பது என்று ஒரே சண்டை. ராஜகால்வாயை (மழைநீர் வடிகிற பெரிய கால்வாய்) அகலப்படுத்து என்று ஒருவர், ஏரியைத் தூர்வாரி மதகு வை என்று இன்னொருவர், பெரிய மோட்டார் போட்டு இறைத்தால் போதும் என்று மூன்றாமவர். சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பதற்குப் பதில் கணக்காவது போடலாமே என்று தாமஸ் சாட்டியின் ஏஎச்பி முறையில் (1970களில் வந்தது, எதைவிட எது எத்தனை மடங்கு முக்கியம் என்று இரண்டிரண்டாக ஒப்பிட்டு, 1 முதல் 9 வரை எண் கொடுத்து எடை கண்டுபிடிப்பது) எக்செல்லில் உட்கார்ந்தேன். வெள்ளத்தைக் குறைப்பது 0.6, செலவு 0.3, வீடு இழப்பவர்கள் 0.1. பத்துக்கு மார்க், கூடினால் நல்லது. இதே வரிசையில் கால்வாய் 9, 4, 2. ஏரி 6, 6, 9. கூட்டினால் கால்வாய் 6.8, ஏரி 6.3. ஒப்பீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் முரண்பாட்டு விகிதம் 0.1ஐத் தாண்டக் கூடாது, எனக்கு பூஜ்யம். கால்வாய்தான், முடிந்தது கதை.

ஈஜிபுரா_செல்வி:
தம்பி, வீடு இழப்பவர்களுக்கு நீங்கள் போட்ட அந்த 0.1 எங்கள் தெரு. வெள்ளம் 0.5, செலவு 0.2, வீடு 0.3 என்று போட்டுப் பாருங்கள், உங்கள் மார்க்கையே வைத்து. கால்வாய் 5.9, ஏரி 6.9. விகிதம் பூஜ்யம் என்று பெருமை வேறு. ஒரே ஆள் உட்கார்ந்து மொத்தத்தையும் நிரப்பினால் அவர் பேச்சுக்கு அவரே ஏன் முரண்படப் போகிறார்?

எச்எஸ்ஆர்_கணக்கன்:
அக்கா, விடையைப் பார்த்துவிட்டு எடையை மாற்றினால் எது வேண்டுமானாலும் ஜெயிக்கும். 2022 செப்டம்பரில் ஏமலூரில் ஐடி ஆட்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனதை மறந்துவிட்டீர்களா? கால்வாய் குறுகியதால் வந்த வினை அது.

வர்த்தூர்_ரிட்டயர்டு:
இரண்டு பேருமே தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது, பெரிய ஆறு கிடையாது. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போக வேண்டும், அதுதான் பழைய ஏற்பாடு. கோரமங்களா பக்கத்துத் தண்ணீர் பெல்லந்தூர், அப்புறம் வர்த்தூர், அப்புறம் தென்பெண்ணை (கிருஷ்ணகிரிக்காரர்கள் நம்மைத் திட்டுவது சும்மாவா?). மேலே கால்வாயை மட்டும் அகலப்படுத்தினால் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும், ஏரியில் இடம் இல்லையென்றால் என் வீட்டு வாசலுக்கு வரும். ஒன்றை ஒன்று நம்பியிருக்கிற வேலைகளைப் போட்டியாளர்கள் மாதிரி நிற்கவைத்து மார்க் போட்டால் எப்படி?

அதோடு செல்வியம்மாவின் எடையில் மோட்டாரையும் போட்டுப் பார்த்தேன். வெள்ளத்துக்கு 2, செலவுக்கு 9, வீடு யாருக்கும் போகாது என்பதால் 10. மொத்தம் 5.8. கால்வாயைவிட 0.1தான் குறைவு! மலிவு என்பதற்காக வாங்கிய மார்க், தண்ணீரையே நிறுத்தாத குறையை மூடிவிடுகிறது. பள்ளிக்கூடம் மாதிரி ஒவ்வொரு பாடத்திலும் பாஸ் மார்க் வேண்டும். 4க்குக் கீழே என்றால் வெளியே, மொத்தம் எவ்வளவு வந்தாலும் சரி.

ஈஜிபுரா_செல்வி:
அப்படிப் பார்த்தால் வீடு என்ற பாடத்தில் கால்வாய் 2. அதுவும் பெயில்தானே சார்?

எச்எஸ்ஆர்_கணக்கன்:
பாஸ் மார்க் 4 என்று யார் வைத்தது?

ஈஜிபுரா_செல்வி:
வீட்டுக்கு 0.1 என்று யார் வைத்தது?

வர்த்தூர்_ரிட்டயர்டு:
தம்பி, 4 நான் வைத்ததுதான், கூட்டத்தில் கேட்டு மாற்றுங்கள். எடையை மட்டும் ஒருவரே போடாதீர்கள். கால்வாய் ஓரத்து ஆட்கள், அபார்ட்மென்ட் ஆட்கள், ஏரிக்குக் கீழே இருக்கிற எங்களைப் போன்றவர்கள் தனித்தனியாகப் போடட்டும். எல்லோருடைய கணக்கிலும் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்போம். ஏரியை முதலில் தூர்வாரி, பிறகு கால்வாய் என்பதையும் நாலாவது வரியாகச் சேருங்கள்.

எச்எஸ்ஆர்_கணக்கன்:
சரி, நாலாவது வரி சேர்த்துவிட்டேன். அக்கா, வேறு ஏதாவது?

ஈஜிபுரா_செல்வி:
ஒரு பாடம் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் வீட்டு வாசற்படியை இரண்டு வரிசைக் கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம், ஃபிரிட்ஜ் நான்கு செங்கல் மேல் நிற்கிறது. ஆனால் தண்ணீர் வாசல் வழியாக வருவதே இல்லை, பாத்ரூம் ஓட்டை வழியாகத்தான் மேலே வருகிறது, கறுப்பாக. மழைநீர்க் கால்வாயிலேயே சாக்கடையும் ஓடுகிறதே! அதைப் பிரிப்பதற்கு உங்கள் தாளில் எத்தனை மார்க்?

எச்எஸ்ஆர்_கணக்கன்:
அதை யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு நேரில் வரட்டுமா?

ஈஜிபுரா_செல்வி:
வாருங்கள். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள், முந்தாநாள் மழை இன்னும் வடியவில்லை.