மால்டிபூ குட்டி வளர்ந்ததும் எப்படி இருக்கும்? முடி, நிறம், உயரம்

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். 12 வாரப் பெண் குட்டி, அப்பா டாய் பூடில், அம்மா மால்டீஸ். எடை 1.4 கிலோ. ஆப்ரிகாட் (வெளிர் ஆரஞ்சு) நிறம், காது மட்டும் உடம்பைவிட ஒரு படி அடர்த்தி, நெஞ்சில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு. முடியில் லேசான அலைதான் இருக்கிறது, சுருள் இல்லை. கண்ணுக்குக் கீழே செம்பழுப்புக் கறை படிகிறது.

பெரிதானதும் பூடில் மாதிரி சுருண்டுவிடுமா? இந்த நிறம் நிற்குமா? எவ்வளவு உயரம் வரும்? "ஒருமுறை மொட்டை அடித்துவிட்டால் முடி அடர்த்தியாக வளரும்" என்கிறார்கள், செய்யலாமா?

சீப்பும் பிரஷும்:
மொட்டை வேண்டாம். முடியோட தடிமனையும் அடர்த்தியையும் தோலுக்குள்ள இருக்கிற வேர்தான் முடிவு பண்ணுது, வெளியே நுனியை வெட்டுறது அதுக்குத் தெரியாது. அடிச்சு முடிச்சதும் நுனி மழுங்கலா இருக்கிறதால கைக்குத் தடிப்பாத் தெரியும், அவ்வளவுதான்.

சுருளுக்கு வரேன். நாய் முடியோட வகையில பெரும்பகுதியை மூணே மரபணு தீர்மானிக்குதுன்னு 2009-ல வந்த ஆய்வு காட்டுச்சு: மீசை-புருவத்துக்கு ஒண்ணு, நீளத்துக்கு ஒண்ணு, சுருளுக்கு ஒண்ணு. உங்க குட்டிக்கு முதல் ரெண்டுல சந்தேகமே இல்லை. அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் மீசைக்காரங்க, நீள முடிக்காரங்க. சுருள்தான் கேள்வி. ஒவ்வொரு மரபணுவும் அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதியா வரும். பூடில்கிட்ட ரெண்டுமே சுருள் பிரதியா இருக்கும், பெரும்பாலான மால்டீஸ்கிட்ட இருக்காது. நேரடிக் கலப்புக் குட்டிக்கு ஒரு பிரதிதான் வரும். ஒரு பிரதின்னா அலை, இல்லேன்னா தளர்ந்த சுருள். ரெண்டு பிரதி இருந்தாத்தான் பூடிலோட இறுக்கமான சுருள்.

அதனால அம்மா உண்மையிலேயே மால்டீஸா, இல்லை அதுவும் மால்டிபூவான்னு கேட்டுப் பாருங்க. அம்மாவே கலப்பா இருந்தா, ஒரே ஈத்துல பாதிக் குட்டிங்க சுருளாவும் பாதி அலையாவும் வர வாய்ப்பு இருக்கு. "மால்டிபூ" என்கிற ஒரே பேர்ல ரெண்டு விதமா நாய் இருக்கிறதுக்கு இதுதான் காரணம்.

கவப்பூவுல (கவலியர் ஸ்பேனியல்-பூடில் கலப்பு) இது இன்னும் பளிச்சுனு தெரியும். கவலியருக்கு மீசை மரபணுவே கிடையாது. கவப்பூவையும் கவப்பூவையும் சேர்த்தா, சராசரியா நாலுல ஒரு குட்டி முகம் வழவழன்னு, மீசை இல்லாம, நல்லா முடி உதிர்க்கிறதா வரும். 8 வாரத்துல மூக்குத் தண்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்: முடி நிமிர்ந்து குத்திட்டு நின்னா மீசை உண்டு, தோலோட படிஞ்சு குட்டையா கிடந்தா இல்லை.

தோள்மேடு:
எடையும் உயரமும் நிறமும் நான் சொல்கிறேன்.

டாய் அளவு நாய்களுக்கு 12 வார எடையை இரண்டால் பெருக்குவது பழைய கணக்கு. உங்களுக்கு 2.8 கிலோ வருகிறது, 2.5 முதல் 3.5 வரை எது வந்தாலும் ஆச்சரியமில்லை. இது மதிப்பீடுதான். அப்பா உண்மையில் டாய் அளவா என்பதே முடிவை மாற்றிவிடும். எஃப்.சி.ஐ. (உலக நாயின அமைப்பு) தரப்படி டாய் பூடில் 28 செ.மீ. வரை, அதற்கு மேல் 35 வரை மினியேச்சர். மால்டீஸ் பெண் 20 முதல் 23 செ.மீ. அப்பாவை "டாய்" என்று சொல்லி 32 செ.மீ. நாயைக் காட்டினால் கணக்கை மாற்றுங்கள்.

அளப்பதில் பலரும் தலை உச்சிவரை அளந்துவிடுகிறார்கள். தோள்பட்டையின் மேட்டிலிருந்து தரைவரைதான் அளவு. குட்டியைச் சுவரோரம் நான்கு காலும் நேராக நிற்கவைத்து, முடியை அழுத்தித் தோள்மேட்டில் ஒரு கெட்டி அட்டையைக் கிடைமட்டமாக வைத்துச் சுவரில் குறியிடுங்கள். முடியை அழுத்தாவிட்டால் 2 செ.மீ. கூடுதலாகக் காட்டும். உயரம் 8 முதல் 10 மாதத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். நெஞ்சு அகல்வது அதற்குப் பிறகும் நடக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஆப்ரிகாட் வெளுக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 வயதுக்குள் க்ரீம் நிறத்துக்கு இறங்கிவிடுவது மிகச் சாதாரணம். காது மட்டும் பின்தங்கி அடர்ந்தே நிற்கும். முன்கூட்டியே தெரிய வேண்டுமானால், பகல் வெளிச்சத்தில் முதுகு முடியை விரலால் பிரித்துத் தோலை ஒட்டிய அரை சென்டிமீட்டரைப் பாருங்கள். நுனி செம்மஞ்சள் நிறம், அடி தந்த நிறம் என்றால் வரப்போகும் நிறம் அந்த அடிதான். முதல் கத்தரிப்புக்குப் பிறகு "கிளிப்பர் (முடி வெட்டும் கருவி) பட்டதால் நிறம் போய்விட்டது" என்று வருந்துபவர்கள் பார்ப்பதும் இதைத்தான். பழைய நுனி போய் உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கும். நெஞ்சுத் திட்டு மறையாது, ஆனால் சுற்றியுள்ள நிறம் வெளுக்க வெளுக்க எடுப்பாகத் தெரியாது.

மழைத்துளி:
இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா மால்டீஸ்தான், நேரில் பார்த்தேன். அடியில் முடி வெளிர்நிறம்தான்! அலை முடி என்றால் பராமரிப்பு குறைவா?

சீப்பும் பிரஷும்:
குறைவு இல்லைங்க, சில சமயம் கூடுதல். 6-லிருந்து 12 மாசத்துக்குள்ள குட்டி முடி போய் பெரிய முடி வரும். உதிர்ற முடி தரையில விழாம புது முடிக்குள்ளேயே மாட்டிக்கும். நேத்து நல்லா இருந்த நாய் ஒரு வாரத்துல சடை பிடிக்கிறது இந்தக் காலத்துலதான். காதுக்குப் பின்னாடி, அக்குள், கழுத்துப்பட்டை, ஹார்னெஸ் உரசுற இடம், வால் அடி, தொடை இடுக்கு, இதெல்லாம் தினமும் பாருங்க.

மேலாப்புல பிரஷ் ஓட்டுறது பிரயோஜனம் இல்லை. வெளியே பஞ்சு மாதிரி மின்னும், அடியில கம்பளி மாதிரி கெட்டியா ஒட்டிக் கிடக்கும். பக்கவாட்டுல படுக்கவெச்சு, ஒரு கையால முடியை மேலே தூக்கிப் பிடிங்க. கீழே ஒரு சென்டிமீட்டர் வரிசையை மட்டும் இறக்கி, தோல் கோடு கண்ணுக்குத் தெரியணும். அந்த வரிசைக்கு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பல் வெச்சது), பிறகு உலோகச் சீப்பைத் தோல்லேர்ந்து நுனிவரைக்கும் இழுங்க. சீப்பு எங்கேயும் நிக்காமப் போனாத்தான் அடுத்த வரிசை. முடி காஞ்சிருக்கும்போது செய்யாதீங்க, தண்ணியில கொஞ்சம் கண்டிஷனர் கலந்து தெளிச்சுக்குங்க, இல்லேன்னா முடி முறியும்.

சிக்கு இருக்கும்போது குளிப்பாட்டவே கூடாது. நனைஞ்சு காயும்போது இறுகிடும். கத்தரியால சிக்கை வெட்டவும் கூடாது. சிக்கு தோலை உள்ளே இழுத்து வெச்சிருக்கும். மடிப்புன்னு நினைச்சு வெட்டுற இடத்துல தோல் இருக்கும். சிக்குக்கும் தோலுக்கும் நடுவுல விரலைக் கொடுத்து, நுனிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் பிரிக்கணும். பிரியாத அளவுக்குப் போயிட்டா கிளிப்பர்ல 10-ஆம் எண் பிளேடு போட்டு ஒட்ட எடுக்கிறதுதான் நாய்க்கு வலி இல்லாத வழி. உடம்பு முடியை 2 செ.மீ. அளவுல வெச்சு 6-லிருந்து 8 வாரத்துக்கு ஒருமுறை கத்தரிச்சா இந்த நிலைமையே வராது.

கண்ணோரம்:
கறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கண்ணீரில் இருக்கும் போர்ஃபிரின் என்ற இரும்பு கலந்த நிறமிதான் அது. வெள்ளை, க்ரீம் முடியில் பளிச்சென்று தெரியும். கண்ணீர் ஏன் வழிகிறது என்று பார்க்க வேண்டும். மூக்குத் தண்டின் முடி வளைந்து விழியைத் தொடலாம், இமை உள்நோக்கித் திரும்பியிருக்கலாம், கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம். 4 முதல் 7 மாதத்தில் பல் மாறும்போதும் தற்காலிகமாகக் கூடும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: தினம் இருமுறை பஞ்சைச் சலைனில் (மருந்துக் கடை உப்புநீர்) நனைத்துக் கண்ணின் உள்மூலையிலிருந்து வெளியே துடைத்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். ஈரம் நின்றால் தோல் புண்ணாகும். விழியைத் தொடும் முடியை முனை மழுங்கிய சின்னக் கத்தரியால், அதன் நுனி கண்ணைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்கும்படி வெட்டுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கண் பக்கமே வரக்கூடாது. சில கறை நீக்கும் பொடிகளில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. அழகுக்காக அதைக் கொடுக்காதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் வழிந்தால், பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால், கண்ணைச் சுருக்கினால், அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பல் மாறும்போது வாயையும் திறந்து பாருங்கள். சின்ன இனக் கலப்புகளில் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி இரட்டையாக நிற்பது அடிக்கடி நடக்கும். 7 மாதத்துக்குப் பிறகும் இரட்டையாக இருந்தால் பிடுங்க வேண்டியிருக்கும். விட்டால் புதுப் பல் வளைந்து, இடையில் உணவு தங்கி ஈறு கெடும். கருத்தடைக்கு மயக்க மருந்து கொடுக்கும் அன்றே சேர்த்து எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், இரண்டாவது மயக்கம் மிச்சம்.