47,000 கிலோமீட்டரிலேயே போன டைமிங் பெல்ட்

அப்பா 2008இல் வாங்கிய பெட்ரோல் கார் பெரும்பாலும் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டுமே ஓடியதால், 13 ஆண்டுகள் கழித்தும் மீட்டர் 47,000 கிலோமீட்டரைத்தான் காட்டியது. அதிகம் ஓடாத வண்டிக்கு என்ன அவசரம் என்று, எஞ்சினில் பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை, மெக்கானிக் இருமுறை நினைவூட்டியும் மாற்றாமல் தள்ளிப்போட்டேன். பெல்ட் ரப்பரால் ஆனது, வண்டி நின்றிருந்தாலும் அதற்கு வயது ஏறும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

திண்டுக்கல்லைத் தாண்டி மதுரைக்குப் போகும் வழியில், எந்தச் சத்தமும் இல்லாமல் எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் வழக்கமான திணறல் இன்றி, தையல் மிஷினைப் போல லேசாகவும் வேகமாகவும் சுழன்றது. சிலிண்டரில் அழுத்தம் இல்லாததன் அடையாளம் அது என்று அறியாமல் ஏழெட்டு முறை முயன்றேன்; அதற்காக மெக்கானிக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பெல்ட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டின் சீலிலிருந்து கசிந்த ஆயிலில் பெல்ட் ஊறிப்போய், ஒரு சாண் நீளத்துக்குப் பற்கள் உதிர்ந்திருந்தன. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு தப்பியதும், திறந்து நின்ற வால்வுகளில் பிஸ்டன்கள் மோதிவிட்டன. வால்வுகள் இருக்கும் எஞ்சின் ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஆறு வால்வுகள் வளைந்திருந்தன. முன்பு பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் கேட்டவரிடமே 31,400 ரூபாய் கொடுத்தேன். விற்றால் எழுபதாயிரம் தேறுமா என்பதே சந்தேகமான வண்டிக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு விற்கும் பேச்சை நான் எடுக்கவில்லை.

*

மேலே எழுதியவருக்கு பெல்ட்டை மாற்றாததால் வந்த வினை; எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றிவிட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தைச் சுற்றவிடும், அதே பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப்பை மட்டும், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று பணத்தை மிச்சப்படுத்த விட்டுவைத்தேன். எட்டே மாதத்தில் பம்ப் ஒழுகி, கூலண்ட் புதிய பெல்ட்டின் மீதே வழிந்தது. பம்ப்பின் விலையை விட, மீண்டும் எல்லாவற்றையும் பிரித்துக் கோத்த கூலிதான் அதிகம்.

*

மேலே எழுதிய இருவரைப் போல இல்லாமல், நான் முன்பு வைத்திருந்த 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட் காரில் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் என்ற சங்கிலி என்பதால், பெல்ட்டைப் பற்றிய கவலையே இருந்ததில்லை. அடுத்து வாங்கிய பழைய காருக்கு பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று விற்றவர் சொன்னாரே தவிர, பில் எதுவும் காட்டவில்லை. மேல் மூடியின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது, பெல்ட்டின் முதுகில் வயல் வெடிப்பைப் போல விரிசல்கள் தெரிந்தன. மறுநாளே மாற்றினேன். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மெக்கானிக் அந்த மூடியின் மேலேயே வெள்ளை பெயிண்டால் எழுதிக் கொடுத்தார்.