உப்புத் தண்ணீரில் பிள்ளைகளுக்குக் கை கழுவப் பழக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வேதாரண்யம் பக்கம் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவப் பழக்குகிறோம். சிக்கல் தண்ணீரில்தான். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, நுரைக்குப் பதில் வெள்ளைப் பிசுக்காகக் கையில் ஒட்டுகிறது. பிள்ளைகள் பாதியில் ஓடிவிடுகிறார்கள்.

20 விநாடி தேய்க்க வேண்டும். அப்போதும் பிள்ளைகள் உள்ளங்கையை மட்டும் தேய்த்தால் அது மட்டும்தான் சுத்தமாகும். கட்டைவிரலும் நகக்கண்ணும் விட்டுப்போகும். வயல் சேறு அடைந்த நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் புழு முட்டை அதிலேயே தங்கி, சோற்றோடு வயிற்றுக்குள் போகும். குடற்புழு மாத்திரை கொடுத்தும் மறுபடி புழு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹேண்ட்வாஷ் இந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கிறது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு அமுக்கே அதிகம், கட்டுப்படியாகவில்லை. தண்ணீர் கலந்து வைத்தால் சீக்கிரம் கெடுகிறது.

நுரையாகவே வரும் பம்ப் பாட்டில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? ஒரு பங்குக்கு எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை நாள் தாங்கும்? பிள்ளைகளுக்கு எட்டும்படி இரண்டடி உயரத்தில் குழாய் வைத்தவர்கள் படம் போட்டால் பெரிய உதவி. கழிவுநீர் தேங்காமல் எங்கே விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இங்கே களிமண், தண்ணீர் உள்ளே இறங்காது.